விசிட்டுக்கு வந்த மிஸ்

என் மாணவி ஒருத்தி எனக்கு எதிராக எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் என் பீரோவில் இருக்கிறது. எழுத்து முத்து முத்தாக இருக்கும். இருக்காதா பின்னே? கரும்பலகையில் வரி சாயாமல் எழுத அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஒரு பக்கம், பதினோரு வரி, ஒரு பிழை கிடையாது. வேறு யார் எழுதியிருந்தாலும் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன்.

நான் தூத்துக்குடிக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் எம்.ஏ., எம்.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் தமிழ் கற்பித்தல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். சாத்தான்குளம் போகிற வழியில், செம்மணல் மேடான தேரிக்கு நடுவே இருந்தது கல்லூரி. ஆடி மாதம் காற்று அடித்தால் வருகைப் பதிவேடுகூடச் சிவந்துவிடும். சேர்ந்த அன்றே என்னுடைய அசல் சான்றிதழ்கள் அத்தனையையும் அலுவலகத்தில் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். எல்லாக் கல்லூரியிலும் இதுதான் வழக்கம் என்றார் தாளாளர். விசாரித்துப் பார்த்தேன், வழக்கம்தான். வழக்கம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் நமக்கு அதற்கு மேல் கேள்வி எழுவதில்லை.

நான் சேர்ந்த ஐந்தாம் ஆண்டில் தர மதிப்பீட்டுக் குழு வந்தது. பி.எட். கல்லூரிக்கு அங்கீகாரம் என்பது உயிர்மூச்சு. அது போய்விட்டால் கட்டடத்தைக் கல்யாண மண்டபமாக்க வேண்டியதுதான், படித்த பிள்ளைகளின் பட்டம் வெறும் காகிதம். ஆகவே இரண்டு வாரம் வேறு வேலையே நடக்கவில்லை. மூன்று வருட ரெக்கார்டு நோட்டுகளை ஒரே வாரத்தில் எழுதினோம். புதிதாகத் தெரியக் கூடாது என்று நோட்டுகளை வெயிலில் காய வைத்தோம், கருவாடு காயப் போடுகிற ஊர்தானே. உளவியல் ஆய்வகத்துக்குப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு மேசை நிறையச் சாமான்கள் இரவல் வந்தன. அவற்றில் பாதி என்னவென்று உளவியல் ஆசிரியைக்கே தெரியாது.

குழு வருகிற அன்று காலையில் ஏழெட்டுப் பேராசிரியர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். காகிதத்தில் மட்டுமே எங்களோடு வேலை பார்த்தவர்கள். ஒவ்வொரு கல்லூரி விசிட்டுக்கும் இப்படிப் போய்ப் போய் அவர்களுக்குள் நல்ல பழக்கம். அதில் ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கன மத்தியானச் சாப்பாடு எப்பிடி? போன வாரம் போன எடத்துல பிரியாணி வேகவே இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

மாணவர்களைத் தயார் செய்கிற பொறுப்பு என்னுடையது. பி.எட்.டில் மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று உண்டு. ஒரு பிள்ளை ஆறு நிமிடம் பாடம் நடத்த வேண்டும், மற்றவர்கள் கவனித்துக் குறை சொல்ல வேண்டும், அதைத் திருத்திக்கொண்டு மறுபடி நடத்த வேண்டும். அந்த முறையை அப்படியே எடுத்துப் பொய் சொல்லப் பழக்கினேன். குழுவின் கேள்விகள் எனக்குத் தெரியும். நூலகம் எத்தனை மணி வரை? எல்லா ஆசிரியர்களும் தினமும் வருகிறார்களா? அரசாங்க உதவித்தொகை உங்கள் கணக்குக்கே வருகிறதா, ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது?

கார்டுகள் அலுவலகத்தில் இருந்தன. பிள்ளைகள் விடுதியில் தொலைத்துவிடுவார்கள், அதற்காக வாங்கி வைத்திருக்கிறோம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நானும் நம்பினேன். என் சான்றிதழும் அங்கேதானே இருந்தது.

அந்தப் பயிற்சியில் முதலாவதாக வந்தவள் அவள்தான், பின்னாளில் எனக்கு எதிராக எழுதிக் கொடுத்தவள். கீழவைப்பார்க்காரி. அப்பா சங்கு குளிக்கப் போய்ப் போய்க் காது அடைத்துப் போனவர், அவரிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். அதனாலோ என்னவோ அவளுக்குக் கணீரென்ற குரல். முதல் தடவை சொன்னபோது கொஞ்சம் தடுமாறினாள். "தயங்காதே. கேட்கிறவர் கண்ணைப் பார்த்துச் சொல். கூட ஒரு சின்ன விவரத்தைச் சேர்த்துக்கொள், விவரம் இருந்தால் நம்புவார்கள்" என்றேன். இரண்டாம் தடவை நிமிர்ந்து நின்று, "கார்டு என்கிட்டதான் இருக்கு சார், பைபிளுக்குள்ள வச்சிருக்கேன்" என்றாள். வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன்.

குழு வந்தது, கேட்டது, நம்பியது. நல்ல தரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தாளாளர் எல்லாருக்கும் கேக் வெட்டினார், எனக்கு ஒரு பட்டுப் புடவை. இன்றைக்கும் அந்தப் புடவையை உடுத்தவும் மனம் வரவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டு, இறுதித் தேர்வுக்கு முந்தைய மாதம், வகுப்பில் அவள் காதைப் பார்த்தேன். கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஃபீஸ் கெட்டாம ஹால் டிக்கெட் தர மாட்டோம்னு சொல்லுதாவ மிஸ். அம்மாவோடத அடகு வச்சாச்சு, இப்ப என்னோடது" என்றாள்.

"ஸ்காலர்ஷிப் வரலையா உனக்கு?"

"வந்துச்சே. ரெண்டு வருசமும் வந்துச்சு. போன்ல மெசேஜ் வரும், அன்னைக்கே பணத்த எடுத்தாச்சுன்னு இன்னொரு மெசேஜும் வரும்."

போனை வாங்கிப் பார்த்தேன். அரசாங்கம் காலையில் போட்ட பணத்தை மத்தியானத்துக்குள் யாரோ எடுத்திருந்தார்கள். அவள் எடுக்கவில்லை. கட்டணம் என்று வீட்டிலிருந்து தனியாக வாங்கிக்கொண்டு, கட்டணத்துக்காகவே அரசு கொடுத்த பணத்தையும் சுருட்டியிருக்கிறார்கள். இவள் ஒருத்தி மட்டும் அல்ல, அந்த வருடத்து ஐம்பது பேரில் முப்பத்துச் சொச்சம் பேர்.

அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே கார்டுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் பின் நம்பர் எழுதி ஒட்டிய துண்டுச் சீட்டு. இத்தனை நாள் நான் சொல்லிக் கொடுத்த பொய்க்கு இதுதானா அர்த்தம் என்று அங்கேயே நின்றேன்.

தாளாளர் கோபப்படவே இல்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே கிடையாது. "டீச்சர், இந்தப் பிள்ளைங்க கையில மொத்தமா துட்டு வந்தா என்ன ஆகும்? அப்பன் வாங்கிக் குடிச்சிருவான். நாம கட்டடம் கட்டுதோம், பஸ் விடுதோம், அதுவும் அவங்களுக்குத்தான" என்றார். அவள் அப்பா குடிக்கிறவர் அல்ல. அதைச் சொன்னேன். "நீங்க ரொம்ப நல்லவங்க டீச்சர்" என்று சொல்லி எனக்குக் காபி வரவழைத்தார்.

அந்த வாரமே மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்டு, என் பெயரிலேயே. அங்கிருந்த அதிகாரி படித்துவிட்டு, "மேடம், நீங்க சொன்னா பத்தாது. பாதிக்கப்பட்ட பிள்ளைங்க சொல்லணும். ஒருத்தர் சொன்னாலும் போதும், மிச்சத்த நாங்க பாத்துக்கிடுவோம்" என்றார்.

அவளிடம் நான் கேட்கவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், நான் கேட்கவே இல்லை. அவளாகத்தான் பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "மிஸ், நான் சொல்லுதேன். எனக்கு என்ன பயம்? மாதா மேல ஆணையா சொல்லுதேன்" என்றாள். என் வாழ்க்கையில் அப்படியொரு பெருமிதம் எனக்கு வந்ததில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது அழுதுவிட்டேன்.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக முதல்வர் அறைக்குள் கூப்பிட்டார்கள். நான் வராந்தாவில் நின்றேன். ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள், ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. பரவாயில்லை, பயந்த பிள்ளைகள், அவள் ஒருத்தி போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் உள்ளே போனபோது என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மேசை மேல் கார்டுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். துண்டுச் சீட்டுகள் இல்லை. அன்று காலைதான் அலுவலகத்தில் அவற்றைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்து, ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதிகாரி ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"எனது ஏ.டி.எம். அட்டை எப்போதும் என்னிடமே உள்ளது. அதை எனது பைபிளுக்குள் வைத்துப் பாதுகாத்து வருகிறேன். நிர்வாகத்தோடு எங்கள் தமிழ் ஆசிரியைக்குத் தனிப்பட்ட மனவருத்தம் இருப்பதால், புகார் கொடுக்கும்படி எங்களை அவர் கட்டாயப்படுத்தினார்."

இரண்டு தடவை படித்தேன். பைபிள் என்ற வார்த்தையில் கண் நின்றுவிட்டது. சின்ன விவரம் இருந்தால் நம்புவார்கள். அதிகாரி நம்பிவிட்டார், என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. நான் என்ன சொல்ல? இந்த வரி என்னுடையது, நான் கைதட்டிய வரி என்றா சொல்ல முடியும்? நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்களே, அதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கத்தியையும் தீட்டிக் கொடுத்துவிட்டுக் கழுத்தை நீட்டிய ஆளை நான் கண்ணாடியில்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே வேலையை விட்டு நீக்கினார்கள். சான்றிதழ்களைக் கேட்டதற்கு, நிர்வாகத்தின் நற்பெயரைக் கெடுத்தது பற்றிய விசாரணையின் முடிவு தெரிந்த பிறகுதான் தருவோம் என்றார்கள். முடிவு யார் சொல்வது என்று கேட்டேன். தாளாளர் சிரித்தார்.

அந்த ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த நேரம், அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தேர்வு எழுதிப் பாஸ் பண்ணியிருந்தாள். காதில் கம்மல் இருந்தது. கையில் ஒரு பொட்டலம், பாரைக் கருவாடு. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"மிஸ், ஒரு வார்த்த கேட்டுட்டு ஏசுங்க" என்றாள். "மொத நாள் எங்க எல்லாரையும் கூப்பிட்டு ஒக்கார வச்சாவ. புகார் நெசம்னு ஆச்சுன்னா காலேஜுக்கு அங்கீகாரம் போயிரும், ரெண்டு வருசம் படிச்சது அவ்வளவும் செல்லாதுன்னாவ. அம்பது பேரும் என் மொகத்தத்தான் பாத்தாளுவ. சாத்தான்குளத்துப் பிள்ள ஒருத்தி என் கால்ல விழுந்துட்டா மிஸ்."

"அதை என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே? எனக்கு எதிராக எழுத வேண்டாம், சும்மா இருந்திருக்கலாமே?"

"சும்மா இருந்தா பத்தாதுன்னுட்டாவ. ஒங்க மேல எழுதிக் குடுத்தாத்தான் ஹால் டிக்கெட்டுன்னாவ." பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "நீங்க சம்பளக்காரி மிஸ். இந்தக் காலேஜ் போனா ஒங்களுக்கு வேற காலேஜ் கெடைக்கும். எங்களுக்கு வேற ரெண்டு வருசம் எங்க கெடைக்கும்?" என்றாள்.

நியாயம்தான். அன்றே எனக்குத் தெரியும் நியாயம் என்று. ஆனால் நியாயமாக இருப்பதால் வலி குறைகிறதா என்ன? மற்ற நாற்பத்தொன்பது பேர் மீது எனக்குக் கோபமே இல்லை, அவர்கள் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. இவள் கொடுத்தாள். மாதா மேல் ஆணையிட்டுக் கொடுத்தாள். அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்தினேன். எங்கள் தெருவில் பிச்சைக்காரர்களைக்கூட அப்படி யாரும் அனுப்ப மாட்டார்கள். "என்னளா, வந்த பிள்ளைய இப்பிடியா விரட்டுவ?" என்று அம்மா குசினியிலிருந்து திட்டினாள். விரட்டினேன்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். வேறு கல்லூரி கிடைக்கும் என்று அவள் எளிதாகச் சொன்னாள். எந்தக் கல்லூரியும் முதலில் அசல் சான்றிதழைத்தான் கேட்டது. பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். பிறகு அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர் இடம் காலியானது. நேர்முகத் தேர்வில் எடுத்துவிட்டார்கள். பதினைந்து நாளுக்குள் அசலைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பன்னிரண்டாவது நாள் கல்லூரி எழுத்தர் போன் செய்தார்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? வார வியாழக்கிழம ஒரு விசிட் இருக்கு. கூட அம்பது சீட் கேட்டிருக்கோம். ஸ்டாஃப் லிஸ்ட்ல ஒங்க பேரு இன்னும் நம்மகிட்டதான் இருக்கு. ஒரே ஒரு நாள் வந்து ஒக்காந்துட்டுப் போனீங்கன்னா, அன்னைக்கே சர்டிபிகேட்ட கையில வாங்கிக்கிடலாம்னு சார் சொல்லச் சொன்னாவ."

என்னை நீக்கிய கல்லூரியின் பட்டியலில் நான் இத்தனை மாதமும் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். விடுப்புகூட எடுக்காமல். போனை அப்படியே சுவரில் வீசி எறிந்திருக்க வேண்டும். போலீசுக்குப் போகலாம் என்றாள் அம்மா. போகலாம், வழக்கு நடக்கும், சான்றிதழும் ஒருநாள் வரும். மூன்று நாளில் வராது.

வியாழக்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் போனேன். என் பழைய மேசை அப்படியே இருந்தது. வேனில் வந்தவர்களுக்கு நடுவில், முன்பு பிரியாணி பற்றிக் கேட்ட அதே அம்மா, "அட, நீங்களும் நம்ம கூட்டத்துல வந்துட்டீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழுவில் வயதான பேராசிரியர் ஒருவர் இருந்தார். சும்மா பெயருக்கு வந்தவர் அல்ல, நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து நல்ல கேள்விகளாகக் கேட்டார். என் வகுப்புக்கு வந்து, பிள்ளைகள் முன்னாலேயே என்னிடம் கேட்டார். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள்? தொடர்ந்து ஏழு வருடம் என்றேன். பிள்ளைகளுக்கு உதவித்தொகை ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா? என்னைப் பார்த்துக் கேட்டார், நல்ல கண்கள். ஒரு நொடி, எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்றுதான் இருந்தது. கதவருகே தாளாளர் நின்றார், அவர் கையில் ஒரு மஞ்சள் உறை இருந்தது.

சேருகிறது சார், அவர்கள் பணம் அவர்கள் கையில்தான் என்றேன். முப்பது பிள்ளைகள் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் முகம் மாறவில்லை. அவர்களை யாரோ நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

மூன்றரை மணிக்கு உறையை வாங்கி, எழுத்தர் முன்னாலேயே எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. கேட்டை நோக்கி வேகமாக நடந்தேன். பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம். அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாமாண்டுப் பிள்ளை, சின்ன முகம், நெற்றியில் வியர்வை.

"மிஸ், நீங்க இனிமே இங்கதான எடுப்பீங்க? ஒங்க பேரு போர்டுல இருக்கு, ஆனா இன்னைக்குத்தான் பாக்கோம்" என்றாள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த சார் கேக்கும்போது நீங்க சொன்னது காலேஜுக்காகன்னு எங்களுக்குத் தெரியும் மிஸ். எங்க கார்டு எல்லாம் ஆபீஸ்லதான் இருக்கு. வேற யார்ட்டயும் கேக்கப் பயமா இருக்கு. ஒங்களப் பாத்தா நல்லவங்க மாரி தெரியுது. நாளைக்கு எங்களுக்காக ஒரு வார்த்த கேப்பீங்களா?"

தூத்துக்குடி பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. உறையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்கிறேன்ம்மா" என்றேன்.

"நாளைக்கு வருவீங்கல்லா மிஸ்?"

வருவேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன்.